மூக்கு மஹ்ரூப்

கோழி லொறி காலையிலேயே வந்திருக்க வேண்டும். வந்தது மத்தியானம், லுஹர் பாங்கு சொல்கிற நேரத்தில். கலகெதர ஏற்றத்தில் நின்றுவிட்டதாம், மெக்கானிக்கைத் தேடிப்பிடித்துக் கொண்டுவரத் தாமதமாகிவிட்டதாம். டிரைவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கூடைகளை எங்கள் சமையல் கொட்டகை வாசலில் இறக்கினான். ஐஸ் போட்டுத்தான் வந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொன்னான். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

கொட்டகை என்பது கெலிஓயாவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தகரம் போட்ட இடம். என் புருஷன் மஹ்ரூப்புக்குத் தொழில் அங்கேதான். கம்பளையிலிருந்து கண்டி வரைக்கும் கலியாணத்துக்கும் இறந்தவர் பேரில் ஓதும் கத்தத்துக்கும் புரியாணி எங்கள் கொட்டகையிலிருந்து போகும். அன்றைக்கு நோன்பு திறக்கும் சாப்பாடு. கண்டியில் இரும்புக்கடை வைத்திருக்கும் றிஸ்வி ஹாஜியார் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நானூறு பேருக்குக் கொடுக்கிறார். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டை நாங்கள் சஹன் என்போம். சஹன் சஹனாகச் சோறும் அதன்மேல் கோழியும் போக வேண்டும். பொழுது சாய்ந்து சொல்லும் மஃரிப் பாங்குக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

ஊரில் என் புருஷனுக்கு மூக்கு மஹ்ரூப் என்றுதான் பெயர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அளவான மூக்குத்தான். அவர் சமைக்கும்போது எதையும் நாக்கில் வைக்க மாட்டார். நோன்பு பிடித்துக்கொண்டு சமைக்கிறவர்கள் நுனி நாக்கில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று பள்ளி மௌலவியே சொல்லியிருக்கிறார். மற்றச் சமையல்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இவர் மட்டும் கிடாரத்து மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தைக் காட்டி, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு "அரைப் பிடி உப்பு" என்பார். சரியாகவே இருக்கும். நோன்பு மாதத்தில் தொடங்கிய இந்த வித்தை பிறகு வருஷம் முழுவதற்குமாகிவிட்டது. கலியாண வீடுகளில் இவர் மூடி திறப்பதைப் போனில் வீடியோ எடுக்க ஆட்கள் வந்து நிற்பார்கள். இவரும் அதற்கேற்ற மாதிரி மெதுவாகத் திறப்பார்.

அந்த மூக்கு போன வருஷம் ஒரு காய்ச்சலோடு செத்துப்போனது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் அடுப்பில் பால் கருகியது. நான் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவு தூரத்துக்கு நாற்றம் வந்தது. ஓடிவந்து பார்த்தால் இவர் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். பால் என்று நான் கத்தியதும் திடுக்கிட்டு எழுந்து, மணம் வந்தது, வேண்டுமென்றுதான் விட்டேன் என்றார். பாலை வேண்டுமென்று கருகவிடும் மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது இவர் பூசுகிற அத்தரில் வாசல் பூனை தும்மியது. முன்பெல்லாம் இவர் சும்மா இருக்கும்போது மூக்கும் சும்மாதான் இருக்கும். இப்போது மாம்பழம், மீன், கொத்தமல்லி என்று கையில் கிடைப்பதையெல்லாம் எடுத்து, நாலு பேர் பார்க்க முகர்ந்து, தலையை ஆட்டினார்.

மூக்குப் போனதற்காக எனக்குக் கோபமில்லை. காய்ச்சல் யாருக்கும் வரும். என்னிடமும் நடித்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாய் திறந்து கேட்டிருக்கலாம்தான். கேட்டால் அவர் முகம் என்னவாகும் என்று யோசித்து யோசித்தே ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவராகவே சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் சொல்லவில்லை.

லொறி வந்தபோது மஹ்ரூப் பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். நானும் கலாராணியும் கூடைகளைத் திறந்தோம். கலாராணி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். லயத்திலிருந்து இறங்கி, கண்டி கூட்ஸ் ஷெட்டில் பஸ் மாறி, எங்களுக்கு வெங்காயம் உரிக்கவும் கோழி கழுவவும் ஐந்தாறு வருஷமாக வருகிறாள். அவளுக்கு நோன்பு இல்லை. ஆனாலும் நோன்பு மாதத்தில் எங்கள் கண்முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டாள். குடிங்க, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போய்விடுவாள்.

முதல் கூடைகளில் ஐஸ் இருந்தது. கோழி சில்லென்று இருந்தது. லொறியின் அடியிலிருந்து கடைசியாக இறக்கிய கூடைகளில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. கையை விட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மணம் வந்தது. பெரிய நாற்றமில்லை. புளித்த மாதிரி, மூக்கின் உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும் ஒரு மணம்.

எனக்குச் சந்தேகம் வந்தது, என்மேலும்தான். நோன்பு வயிற்றுக்கு எல்லாமே நாறும். கலாராணியை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். கோழி என்றால் கோழி வாடை இருக்கத்தானே செய்யும் என்றாள். அவள் முகம் வேறு ஒன்றைச் சொன்னது. எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள், அவளும் மஹ்ரூப்பை அப்படித்தான் கூப்பிடுவாள். பிறகு, "நானா வரட்டுங்க அக்கா, அவரு மோந்து பார்த்துச் சொல்லிருவாரு" என்றாள்.

மஹ்ரூப் வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கூடையைக் காட்டி, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக் குனிந்து, கண்ணை மூடி, கலியாண வீட்டில் இழுக்கிற அதே நீள இழுப்பு இழுத்தார்.

"ஒண்டும் இல்ல. கழுவுங்க" என்றார்.

கலாராணியின் முகம் உடனே தெளிந்தது. பார்த்தீங்களா என்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனாள். இத்தனை நாள் அவர் நடித்ததெல்லாம் உப்போடும் ஏலக்காயோடும் போயிற்று. இது பழுதாகியிருந்தால் நானூறு பேர் வயிற்றுக்குள் போகும். பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த வயிறு. பிள்ளைகள் வருவார்கள், சீனி வியாதிக்காரர்கள் வருவார்கள்.

கொட்டகை மூலையில் தயிரும் இஞ்சியும் உள்ளியும் மிளகாய்த்தூளும் கலந்த மசாலா ஒரு பெரிய பேசினில் தயாராக இருந்தது. அதைக் கோழியில் பிரட்டிவிட்டால் பிறகு எந்த மூக்காலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் இஞ்சியாக மணக்கும். மஹ்ரூப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக் குசினிக்குள் ஒரு நிமிஷம் வாருங்கள் என்றேன். வேலை கிடக்கிறது என்றார். வாருங்கள் என்றேன் மறுபடி. என் குரலில் என்ன இருந்ததோ, வந்தார்.

கதவைச் சாத்தினேன். ஒரு வருஷமாக எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

"இஞ்சப் பாருங்க, உங்களுக்கு மணம் தெரியாது. எனக்கு அது தெரியும்."

"யாரு செல்லின?" என்றார். அப்படிக் கேட்டதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் பார்த்து, மெதுவாகப் பேசச் சொன்னார்.

யாரும் சொல்லவில்லை என்றேன். பாலைச் சொன்னேன், அத்தரைச் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு முன் பிறிஜ்ஜில் கெட்டுப்போன மீனை முகர்ந்துவிட்டு நல்ல மீன் என்று என் கையில் கொடுத்ததைச் சொன்னேன். நான் அதைப் பேசாமல் புதைத்துவிட்டு டின்மீன் சமைத்தேன், அதையும் நல்ல மீன் என்றே சாப்பிட்டார். சொல்லச் சொல்ல எனக்கே கோபம் கூடிக்கொண்டு வந்தது. அவர் மறுத்திருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். மறுக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிடியைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இத வெளிய செல்லிட்டா நான் யாரு அஸீமா?" என்றார். "ஊரெல்லாம் இந்த மூக்குக்குத்தானே ஓடர் தாற. அத எடுத்துட்டா என்கிட்ட எனத்த மிச்சம் ஈக்கி?"

அதற்கு நான் என்ன சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் அவர் நம்பியிருக்க மாட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னேன். அந்தக் கூடைகளில் ஐஸ் இல்லை, கோழி வெதுவெதுப்பாக இருந்தது, எனக்கு ஒரு மணம் வந்தது. நான் பெரிய மூக்குக்காரியில்லை, என் மூக்குப் பொய் சொல்லவும் கூடும். உங்களுக்கோ ஒன்றுமே வரவில்லை. பிறகு எப்படி ஒன்றுமில்லை என்று சொன்னீர்கள்?

அவர் கதவைத் திறந்துகொண்டு போனார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் நேராக மசாலா பேசினிடம் போய் இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். கலாராணி கழுவி வைத்த கோழியெல்லாம் பெரிய அண்டாவில் ஒன்றாகக் கிடக்கும் என்று பயந்தேன். நல்லவேளை, அவள் கடைசிக் கூடைகளுக்கு இன்னும் வரவில்லை. நல்ல கோழி ஒரு பக்கம், அவை ஒரு பக்கம். மஹ்ரூப் அந்தக் கூடைகளுக்கு முன்னால் போய் நின்றார். பேசின் கனம், அவர் கைத் தசை இறுகியிருந்தது. ஊற்றவும் இல்லை, இறக்கிவைக்கவும் இல்லை.

அவர் ஊற்றினால் என்ன செய்வது என்று எனக்குள் ஓடியது. கூடையைத் தள்ளிவிடலாம். ஊரைக் கூட்டி, இவருக்கு மூக்கு இல்லை என்று சொல்லலாம். சொன்னால் கோழி நிற்கும். அதற்குப் பிறகு இந்த மனிதர் என் முகத்தைப் பார்ப்பாரா? அல்லாஹ், அவர் வாயாலேயே வரட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு முழு நோன்பு மாதிரி இருந்தது.

அப்போது வாசலில் வாகனச் சத்தம். றிஸ்வி ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவோடு, கையில் தஸ்பீஹ் மணியோடு கொட்டகைக்குள் வந்தார். லொறி பிந்திய செய்தி அவருக்கும் போயிருக்கிறது. கோழியெல்லாம் நல்லபடியாக இருக்கிறதா, ஐஸ் இருந்ததா என்று கேட்டார். பிறகு தானே சிரித்து, நான் என்னத்துக்குக் கேட்கிறேன், மூக்கு மஹ்ரூப் பார்த்தால் போதாதா என்றார்.

மஹ்ரூப் பேசினைத் தரையில் வைத்தார். தயிர் தளும்பி அவர் காலில் கொட்டியது. துடைக்கவில்லை.

"ஹாஜியார், எனக்கு மணம் தெரியாது" என்றார். "காய்ச்சல் வந்த நாள்ல இருந்தே தெரியாது, ஒரு வருஷமாகுது. இந்தக் கோழி நல்லமா பழுதா எண்டு என்னால செல்லேலா."

ஹாஜியாரின் கையில் தஸ்பீஹ் நின்றது. அவர் முதலில் பகிடி என்று நினைத்தார். மஹ்ரூப்பின் முகத்தைப் பார்த்த பிறகு அவர் முகம் சிவந்தது. பாங்குக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியுமா, இதை இப்போதா சொல்வது, நான் என் உம்மாவின் பேரில் கொடுக்கிற சாப்பாடு என்று சத்தம் போட்டார். சத்தம் வேலியைத் தாண்டிப் போயிருக்கும். விறகு அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் வேலைக்காரப் பையன் பஹ்மி கையில் கட்டையோடு திரும்பிப் பார்த்தான். மஹ்ரூப் தலையைக் குனியவில்லை. நீங்கள் சொல்வது சரி, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றார். பயந்துவிட்டேன் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தரம். எனக்குக் கண் கலங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்துப் பேசியது கலாராணி. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"நானா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கூடைங்க நாறுதுங்க. நான் அப்பவே நெனச்சேன். நீங்க நல்லதுன்னு சொன்னதும், சரி, என் மூக்குதான் கெட்டுப்போச்சு போலன்னு இருந்துட்டேன்."

மஹ்ரூப் அவளையே பார்த்தார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். சொல்லுங்கள் என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில், உப்பும் அப்படித்தான் என்றாள். பல மாதமாகவே புரியாணியில் உப்புக் கூடத்தான், வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் தயிரை ஊற்றிப் பிசைந்துதான் சாப்பிடுகிறார்கள், நீங்கள் போட்ட உப்பைக் குறை சொல்ல நான் யார் என்று சொல்லாமல் விட்டேன் என்றாள்.

எனக்கும் அந்த உப்புத் தெரிந்துதான் இருந்தது. அவர் கைக்கணக்கில் போடுகிறார், குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூடப் போடுகிறார் என்பதும் தெரிந்திருந்தது.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். கோபம் பாதி வழியில் நின்றுபோன முகம்.

"என்ட மகள்ட கலியாணத்துலயும் உப்பு கூடுதலாத்தான் பட்டது" என்றார். "மஹ்ரூப் போட்ட உப்பு கூடுமா எண்டு நெனச்சி, நான் டொக்டர்கிட்ட போய் நாக்க நீட்டிக் காட்டின."

டொக்டர் அவருக்கு இரத்த அழுத்தத்துக்குக் குளிசையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கலியாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் உட்பட அத்தனை பேரும் அன்றைக்குத் தண்ணீராகக் குடித்துக்கொண்டு, புரியாணி பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மஹ்ரூப் கவிழ்த்து வைத்திருந்த ஒரு சட்டியின்மேல் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் ஓடினேன். அழுகையும்தான், ஆனால் பாதிக்கு மேல் சிரிப்பு. ஒரு வருஷம் அவர் மட்டும் நடிக்கவில்லை. அவருக்காக ஊரே நடித்திருக்கிறது. தன் மூக்கு இல்லாததை அவர் மறைத்தார், அவர் மூக்கை நம்பி மற்றவர்கள் தங்கள் நாக்கைச் சந்தேகப்பட்டார்கள். யாரை யார் குறை சொல்வது?

எழுந்தபோது அவர் வேறு ஆளாக ஒன்றும் மாறவில்லை. கண் சிவந்து, காலில் தயிர் காய்ந்து, நோன்பில் உதடு வறண்டுதான் இருந்தார். ஆனால் குரல் பழையபடி இருந்தது, காய்ச்சலுக்கு முந்திய குரல். நேரம் போகிறது, எல்லாரும் இங்கே வாருங்கள் என்றார். அந்தக் கூடைகளை அப்படியே புதைக்க பஹ்மியைக் குழி வெட்டச் சொன்னார். மிச்சக் கோழியை ஒவ்வொரு துண்டாக எடுத்து மூன்று பேர் முகர வேண்டும், மூன்று பேரும் சரி என்றால்தான் மசாலாவுக்குப் போகும் என்றார். கலாராணி ஒன்று, நான் இரண்டு. மூன்றாவது யார் என்று தேடி ஹாஜியாரைப் பார்த்தார்.

ஹாஜியார் ஜுப்பாக் கையை மடித்துக்கொண்டு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்டி நகரத்தில் பாதிப் பேருக்கு இரும்பு விற்கிற மனிதர், அன்றைக்கு எங்கள் கொட்டகையில் கோழிக்காலை முகர்ந்து முகர்ந்து தட்டில் போட்டார். பழுது என்று சொல்லும்போது ஒவ்வொரு தரமும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நல்லது என்று கழுவி வைத்ததிலும் சில துண்டுகள் கழிந்தன. கோழி குறைந்துபோனது. மஹ்ரூப் கொஞ்சமும் தயங்கவில்லை. சஹனுக்குப் பாதிக் கோழி, பாதி அவித்த முட்டை, உருளைக்கிழங்கு என்று மாற்றினார். பஹ்மியைக் கடைத்தெருவுக்கு முட்டைக்கு அனுப்பினார். சாப்பாட்டில் கோழி ஏன் குறைந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று ஹாஜியாரிடம் சொன்னார். சொல்வேன் என்றார் ஹாஜியார், சிரிக்காமல்.

அடுப்பெல்லாம் மூண்டன. மஹ்ரூப் வெங்காயத்தின் நிறத்தைப் பார்த்தார், எண்ணெயின் சத்தத்தைக் கேட்டார், அரிசியை விரலால் நசுக்கிப் பார்த்தார். இதெல்லாம் அவர் எப்போதும் செய்ததுதான். மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அவருக்கும் மறந்துபோயிருந்தது.

கடைசியில் உப்பு வந்தது. அரிசி கொதிக்கிற கிடாரத்து மூடியை அவர் திறந்தார். பழக்கதோஷத்தில் முகம் ஆவிக்கு முன்னால் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு அகப்பையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஊதி ஆற்றினார். கலாராணியிடம் நீட்டினார்.

அவள் பின்னால் நகர்ந்தாள். நோன்புக்காரர்களுக்கு முன்னால் வாயில் வைப்பதா என்று முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம், இங்கேயே பாருங்கள், நான் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார் மஹ்ரூப். ஹாஜியாரும் பாருங்கள் தங்கச்சி என்றார். அவள் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு உறிஞ்சினாள்.

அவள் நாக்கைச் சப்பிக்கொண்டு யோசித்த அந்த நேரம், என் புருஷன் உப்புச் சட்டியில் கையை வைத்துக்கொண்டு காத்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் உப்புக்காக இன்னொருவரின் முகத்தைப் பார்த்து நின்றதை நான் கண்டதில்லை.

"கொஞ்சம் கம்மிங்க நானா" என்றாள்.

போட்டார். கிளறினார். மறுபடி நீட்டினார். அவள் மறுபடி உறிஞ்சினாள், இந்தத் தரம் யாரையும் பார்க்கவில்லை. சரியா இருக்கு என்றாள். மஹ்ரூப் மூடியை மூடிவிட்டுத் திரும்பி, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

பள்ளிக்குக் கிடாரங்கள் ஏறியபோது சாயங்கால வெயில் ஹந்தானை மலையில் விழுந்துகொண்டிருந்தது. ஹாஜியார் வாகனத்தில் ஏறுமுன் நின்றார். பெருநாள் சாப்பாட்டுக்கும் மஹ்ரூப்பிடமே சொல்லியிருந்தார். அதை யோசித்துச் சொல்கிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. யோசித்தே சொல்லுங்கள் என்றார் மஹ்ரூப். அதில் கெஞ்சலும் இல்லை, வீம்பும் இல்லை. ஹாஜியார் அவர் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

பாங்கு சொன்னபோது நானும் மஹ்ரூப்பும் கலாராணியும் கொட்டகையிலேயே இருந்தோம். பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்தோம். கலாராணியும் எங்களோடு கஞ்சிக் கோப்பையைத் தூக்கினாள். தொழுதுவிட்டு வந்து, வீட்டுக்கென்று எடுத்துவைத்த சோற்றை ஒரு சஹனில் போட்டு நடுவில் வைத்தேன். மஹ்ரூப் ஒரு பிடி எடுத்தார். வாயில் வைக்கவில்லை.

"மணம் எப்பிடி ஈக்கி?" என்று என்னைக் கேட்டார்.

ஒரு வருஷமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இருந்திருக்கிறேன். மணத்தைச் சொல்வது சுலபமில்லை, யாரும் என்னிடம் கேட்டதுமில்லை. நெய் முன்னுக்கு நிற்கிறது, கறுவா பின்னுக்கு இருக்கிறது, ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஏலக்காயா, எவ்வளவு கூட என்று கேட்டார். பிறகுதான் சாப்பிட்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. கை சோறாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அக்குறணையில் ஒரு கலியாண வீடு. பெருநாள் முடிந்த கையோடு கலியாணமாம், அறுநூறு பேராம். மூக்கு மஹ்ரூப்தானே என்று கேட்டது அந்தக் குரல். மூடி திறக்கிற வீடியோ பார்த்தோம், எங்கள் வீட்டிலும் அப்படித் திறக்க வேண்டும் என்றது.

மஹ்ரூப் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். இதில் என் வாய் வரக்கூடாது.

"மஹ்ரூப்தான் பேசுற" என்றார். "மூக்கு இப்ப வேலை செய்யிறல்ல. மணத்துக்கும் உப்புக்கும் என்கிட்ட வேற ஆக்கள் ஈக்கிறாங்க. சமைக்கிற நான். விருப்பமெண்டா செல்லுங்க."

மறுபக்கம் பேச்சு நின்றது. யாரோ யாரிடமோ குசுகுசுப்பது மட்டும் கேட்டது. முன்பென்றால் இப்படி ஒரு இடைவெளி விழுந்தால் இவர் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவார். இப்போது போனை அது இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, அடுத்த பிடிச் சோற்றை எடுத்து, நன்றாக மென்று சாப்பிட்டார்.